அந்த வில்லியம் உங்கள் வில்லியம்தானா?

நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் கணவர் இங்கிலாந்தின் நார்ஃபோக் கவுண்டிக்காரர் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அவர் குடும்பத்தை 1851 சென்சஸ் வரை பிடித்துவிட்டீர்கள். அதில் வில்லியம், வயது 44, விவசாயக் கூலி. மனைவி சாரா, மூத்த மகனுக்கு வயது 17. வில்லியம் பிறந்த ஊரும் போட்டிருக்கிறது. அதே ஊர்த் தேவாலயத்தில் 1807 ஜனவரியில் அதே பெயரில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததாக ஒரு இணையதளம் காட்டுகிறது. அதோடு, யாரோ போட்டுவைத்த வம்சாவளி ஒன்றும் 1690 வரை தயாராக வந்து நிற்கிறது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் குழந்தை உங்கள் வில்லியமாக இருக்கலாம். ஆனால் உங்களிடம் இருப்பது பெயரும் ஊரும் பொருந்துகிறது என்பது மட்டும்தான். நம்மூரில் ஒரு கிராமத்துக்குப் போய் "முருகேசன் வீடு எது?" என்று கேட்டால் "எந்த முருகேசன்?" என்றுதானே திருப்பிக் கேட்பார்கள்? அன்றைய இங்கிலாந்துக் கிராமமும் அப்படித்தான். ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத், ஆன் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய பெயர்களை வைத்தே முழு ஊரையும் ஓட்டினார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. அண்ணன் தம்பி மூன்று பேரும் தங்கள் அப்பா பெயரை ஆளுக்கொரு பிள்ளைக்கு வைத்தால், ஒரே ஊரில் ஒரே வயதில் ஒரே முழுப்பெயரோடு மூன்று பேர் திரிவார்கள்.

முதலில் வயதுக் கணக்கு. 1851 சென்சஸ் எடுத்தது மார்ச் 30 இரவுக் கணக்கில். அன்று 44 என்றால் 1806 மார்ச் கடைசிக்கும் 1807 மார்ச் 30க்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும். ஆனால் தன் வயதையே தோராயமாகச் சொன்ன காலம் அது. முன்பின் மூன்று வருடமாவது விட்டுத் தேடுங்கள். 1841 சென்சஸை நம்பி வயதுக் கணக்குப் போடாதீர்கள். அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார்.

அடுத்து ஞானஸ்நானத்தை ஓரமாக வைத்துவிட்டு, கல்யாணத்தைத் தேடுங்கள். மூத்தவனுக்கு 17 என்றால் கல்யாணம் 1833 வாக்கில் நடந்திருக்கும். இதுதான் உங்கள் கெட்ட நேரம். இங்கிலாந்தில் அரசே பிறப்பு, இறப்பு, திருமணத்தைப் பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1இல். அதற்குப் பிறகு நடந்த திருமணச் சான்றிதழில் மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். (அம்மா பெயரையும் சேர்த்தது 2021 மே மாதத்தில்தான்!) நாலு வருடம் தள்ளிக் கல்யாணம் செய்திருந்தால் வில்லியமின் அப்பா பெயர் ஒரே தாளில் கிடைத்திருக்கும்.

அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. வில்லியமுக்குத் தம்பி, தங்கை இருந்து அவர்கள் 1837க்குப் பிறகு மணந்திருந்தால், அந்தச் சான்றிதழில் அதே அப்பாவின் பெயர் இருக்கும். சாரா இறந்து வில்லியம் மறுமணம் செய்திருந்தாலும் அப்படியே. நேராகப் பார்த்து ஆள் கிடைக்காதபோது கூடப்பிறந்தவர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் இந்த வேலையில் பாதி.

சரி, 1833 கல்யாணப் பதிவில் என்ன இருக்கும்? 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஒரு பெருக்கல் குறியாவது கீற வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். முன்னதாக மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத்தான் நம்மூர்க் கிறிஸ்தவர்கள் "ஓலை வாசிக்கிறது" என்பார்கள். அங்கே அதற்குப் பெயர் பேன்ஸ். மாப்பிள்ளை ஒரு ஊர், பெண் ஒரு ஊர் என்றால் இரண்டு ஊர்க் கோயிலிலும் ஓலை வாசிப்பார்கள். ஆகவே, கல்யாணம் எங்கே நடந்தது என்று தெரியாவிட்டால் வில்லியம் ஊரின் ஓலைப் பதிவேட்டைப் பாருங்கள். பெண்ணின் ஊர் எது என்று அதில் இருக்கும். கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டுக் கோயிலில்தான்.

சாட்சிகளின் பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அண்ணனோ மைத்துனனோ அங்கே நிற்கலாம். ஆனால் ஒரு பக்கம் முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள். எல்லாக் கல்யாணத்திலும் அதே சாட்சி என்றால், அவர் சொந்தக்காரர் இல்லை, அந்தத் தேவாலயத்தின் எழுத்தர். இன்னொரு பொறி: சாராவின் பெயருக்குப் பக்கத்தில் விதவை என்று இருந்தால், அங்கே இருப்பது செத்துப்போன முதல் புருஷனின் குடும்பப் பெயர். அதை வைத்து அவளுடைய பிறந்த வீட்டைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

இனி அந்த 1807 ஞானஸ்நானம். 1812இல் வந்த சட்டப்படி 1813 ஜனவரி 1 முதல் அச்சடித்த படிவம் வந்தது. பக்கத்துக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொன்றிலும் குழந்தை பெயர், பெற்றோர் பெயர், குடியிருக்கும் இடம், அப்பாவின் தொழில், சடங்கு நடத்திய குருவானவரின் பெயர். அதற்கு முன்னால் வெற்றுத் தாளில் குருவானவர் இஷ்டப்பட்டதை எழுதினார். "வில்லியம், ஜான்–மேரியின் மகன்" என்று ஒரே வரியோடு நிறுத்தியவர்களே அதிகம்.

இந்த விஷயத்தில் நார்ஃபோக்கில் உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. 1812 வரையான முப்பது வருடத்தில் அங்கே பல ஊர்களில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். யார்க்ஷயரில் வில்லியம் டேட் என்ற குருவானவர் தொடங்கிவைத்த முறை இதைவிட அருமை. குழந்தை எத்தனையாவது பிள்ளை, பிறந்த தேதி, இரண்டு பக்கத்துத் தாத்தாக்கள், அவர்கள் ஊர், தொழில் எல்லாம் ஒரே வரிசையில் வரும். 1777இல் யார்க் பேராயர் தன் மறைமாவட்டம் முழுவதும் அப்படியே எழுதச் சொன்னார். ஆனால் எழுதுவதற்குச் சோம்பல்பட்ட குருவானவர்கள் பலர். உங்களுக்கு எப்போதாவது யார்க்ஷயர்க் கிளை அகப்பட்டால் இது நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. ஜேன் ஆஸ்டின் பிறந்தது 1775 டிசம்பர் 16. குருவானவரான அப்பா மறுநாளே வீட்டில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கோயிலுக்குக் கொண்டுபோய் முறைப்படி செய்தது 1776 ஏப்ரல் 5. ஏழைக் குடும்பங்களில் நாலைந்து பிள்ளைகளை மொத்தமாக ஒரே ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் முடித்ததும் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள், பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பதினோரு வருடத்தில் சிலர் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டார்கள், சிலர் ஏழை என்று எழுதச் சொல்லித் தப்பித்தார்கள். வரி என்று வந்துவிட்டால் எந்த நாட்டுக்காரனும் ஒன்றுதான்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பெரும்பாலானவர்கள் ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் மட்டும் தேடிவிட்டு அடக்கப் பதிவேட்டைத் திறப்பதே இல்லை. "எப்படியும் செத்துத்தானே போயிருப்பார், அதில் என்ன இருக்கிறது" என்ற நினைப்பு. தப்பான ஆளைக் கழித்துக்கட்டுவது அந்தப் பதிவேடுதான்.

என் கதையைச் சொல்கிறேன். நார்ஃபோக்குக்குப் பக்கத்துக் கவுண்டியான சஃபோக்கில் ஒரு நண்பரின் குடும்பத்தைத் தேடிக்கொடுக்கப் போய், 1760களில் ஒரு ஜானைப் பிடித்தேன். பெயர் பொருந்தியது, ஊர் பொருந்தியது, வயதும் சரியாக இருந்தது. அவன் வழியாக மேலே ஐந்து தலைமுறை போய், நண்பர் அதைப் பெரிய தாளில் அச்சடித்து, சட்டம் போட்டு, மாடிப்படிச் சுவரில் மாட்டிவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து வேறு எதற்கோ அதே ஊர் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். ஞானஸ்நானம் நடந்து மூன்று வாரத்தில் அதே பெயர், அதே அப்பா பெயர், பக்கத்தில் "கைக்குழந்தை" என்று ஒரு சொல். முடிந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் வேறு பிள்ளைக்கும் அந்தப் பெயர் வைக்கவில்லை. நண்பருடைய ஜான் பக்கத்து ஊர்க்காரன், தச்சன் மகன். போய்ச் சொன்னபோது நண்பர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: அப்படியானால் இவர்கள் எல்லாம் யார்? எனக்குப் பதில் இல்லை. படம் இறங்கியது, ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே உங்கள் ஊரின் அடக்கப் பதிவுகளை 1807 ஜனவரியிலிருந்து 1812 கடைசி வரை வரிவரியாகப் படியுங்கள். சின்ன ஊராக இருந்தால் அரை நாள் வேலை. அந்த வில்லியம் சின்னப் பிள்ளையிலேயே போயிருந்தால் மாட்டிக்கொள்வான். அப்புறம் 1813க்கு மேல் பாருங்கள். அச்சுப் படிவத்தில் வயது போட்டிருப்பதால் அங்கே வேலை சுலபம். ஒரு பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அன்று சர்வசாதாரணம். எனவே ஒரே பெற்றோருக்கு 1807இல் ஒரு வில்லியம், 1809இல் ஒரு வில்லியம் என்று இருந்தால் பயப்படாதீர்கள். முதல்வனின் அடக்கத்தைத் தேடுங்கள். ஊரில் இரண்டு வில்லியம்கள் உயிரோடு இருந்து வளர்ந்தால், இன்னொருவனையும் சாகும் வரை பின்தொடர வேண்டும். அவன் 1851இல் வேறு வீட்டில் வேறு மனைவியோடு இருக்கிறான் என்று காட்டிவிட்டால் உங்களவன் மிஞ்சுவான். அப்போதுதான் அவனை வம்சாவளி மரத்தில் ஏற்றலாம்.

அந்த ஊரில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால்? சென்சஸில் சொன்ன "பிறந்த ஊர்" சில சமயம் வளர்ந்த ஊராக இருக்கும். நார்ஃபோக்கில் 600க்கும் மேற்பட்ட பழைய தேவாலயங்கள். எட்டிப் பார்த்தால் அடுத்த கோபுரம் தெரியும். வரைபடத்தில் ஐந்து மைல் வட்டம் போட்டு ஒவ்வொரு பாரிஷாகப் பாருங்கள். (பாரிஷ் என்றால் நம் கத்தோலிக்கர் சொல்லும் பங்கு, சி.எஸ்.ஐ.காரர் சொல்லும் சேகரம் மாதிரி. அங்கே அதுவே கிராம நிர்வாக எல்லையாகவும் இருந்தது.) இன்னொரு சாத்தியம், அவர்கள் ஆங்கிலிக்கன் சபையிலேயே (இங்கிலாந்தின் அரசுச் சபை) இல்லாமல் இருந்திருக்கலாம். பாப்டிஸ்ட்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுக்கமாட்டார்கள். 1837க்குப் பிறகு இப்படிப்பட்ட சபைகளின் பதிவேடுகளை அரசு திரட்டியது. அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள் என்ற தனிக் கிறிஸ்தவக் குழுவினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும் ஆங்கிலிக்கன் கோயிலில் மணந்தால்தான் சட்டப்படி செல்லும். ஆக, ஞானஸ்நானம் இல்லாத குடும்பத்துக்கும் கல்யாணப் பதிவு இருக்கும்.

ஞானஸ்நானப் பதிவில் அப்பா பெயர் இல்லாமல் அம்மா பெயர் மட்டும் இருந்தால், கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை என்று புரியும். குருவானவர்கள் அதை நாசூக்காகவெல்லாம் எழுதவில்லை, முகத்தில் அடித்தாற்போல எழுதிவைத்தார்கள். லத்தீனில் எழுதியவர்கள் "ஊரார் பிள்ளை" என்கிற பொருளில் ஃபிலியுஸ் பொபுலி என்று எழுதினார்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சோறு போடும் செலவு பாரிஷ் தலையில் விழும் என்பதால், அப்பன் யார் என்று கண்டுபிடித்துப் பணம் கட்ட வைக்கப் படாதபாடு பட்டார்கள். அந்த விசாரணைத் தாள்கள் பல ஊர்களில் தப்பியிருக்கின்றன.

அதே பயத்தில் பிறந்ததுதான் 1662 குடியிருப்புச் சட்டமும். ஏழை ஒருவன் எந்த ஊருக்குச் சொந்தம், யார் அவனுக்குப் படியளப்பது என்பதுதான் கேள்வி. இரண்டு நீதிபதிகள் முன் நிறுத்தி எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எத்தனை மாதம் என்று கேட்டு எழுதினார்கள். ஒரே முதலாளியிடம் முழுதாக ஒரு வருடம் வேலை செய்தால் அந்த ஊர் உரிமை வந்துவிடும் என்பதால், பண்ணைக்காரர்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த தந்திரமெல்லாம் அதில் வெளிவரும். விவசாயக் கூலியின் வாழ்க்கை அவன் வாய்வார்த்தையாகவே கிடைக்கும் அபூர்வமான இடம் இது. எனக்கு ஞானஸ்நானப் பதிவைவிட இதைத்தான் பிடிக்கும்.

1807ஐ உறுதி செய்த பிறகு மேலே ஏறும்போது மூன்று படிக்கட்டில் கால் இடறும். 1752க்கு முன் ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். அதனால் 1720 டிசம்பருக்கு அடுத்த மாதம் 1720 ஜனவரி! கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகப் பதறுகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிக்காதவர்கள். இரண்டாவது, லத்தீன். 1733 வரை சில குருவானவர்கள் லத்தீனில் எழுதினார்கள். குலியெல்முஸ் என்றால் வில்லியம், யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், கரோலுஸ் என்றால் சார்ல்ஸ். மூன்றாவது, 1640களின் உள்நாட்டுப் போரும் அதற்குப் பின் வந்த குடியரசும். 1653இல் சட்டம் போட்டுக் கல்யாணத்தை நீதிபதி முன்னால் நடத்தச் சொன்னார்கள், பதிவேட்டையும் குருவானவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். 1660 வரை பல ஊர்களில் பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கும்.

அதற்கும் பின்னால் எவ்வளவு தூரம் போகலாம்? ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாரிஷ்தோறும் எழுத வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டது 1538இல். ஆனால் அப்போதைய காகிதங்கள் நைந்துபோய், 1598இல் எல்லாவற்றையும் தோலில் நகலெடுக்கச் சொன்னார்கள். "முக்கியமாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து" என்று ஒரு வார்த்தை அந்த உத்தரவில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பலர் 1558க்கு முந்தையதை விட்டுவிட்டார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26இல் பதிவாகியிருக்கிறது. அந்த வரியைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். அதுவும் 1600 வாக்கில் எடுத்த நகல்தான். பக்கம் பக்கமாக ஒரே கை. நகலெடுத்தவர் "ஜானுடைய மகன்" என்பதற்கு லத்தீன் வேற்றுமை உருபைத் தப்பாகப் போட்டு வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் திருமண லைசென்ஸ் இன்னும் வேடிக்கை. 1582 நவம்பர் 27 பதிவில் மணப்பெண் டெம்பிள் கிராஃப்டன் ஊர் ஆன் வேட்லி. மறுநாள் எழுதிய பிணைப்பத்திரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர் ஆன் ஹாத்வே. இரண்டு பெண்களா என்று கதை கட்டினார்கள். எழுத்தரின் கைத்தவறு என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அவ்வளவு பெரிய ஆளுக்கே ஒரே நாளில் பெண் பெயர் மாறுகிறது என்றால், எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரரின் குடும்பப் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டதில் என்ன ஆச்சரியம்? அவர் வாயால் சொன்னார், குருவானவர் காதில் விழுந்ததை எழுதினார். ஹாஸ்கின்ஸ் ஒருநாள் ஆஸ்கின்ஸ் ஆவார். ஒரே ரேஷன் கார்டில் அண்ணன் பெயர் ஒரு ஸ்பெல்லிங், தம்பி பெயர் வேறு ஸ்பெல்லிங் என்று பார்த்துப் பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணையதள அட்டவணையில் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். அந்த அட்டவணை இன்னொருவர் படித்து எழுதியது. அந்தக் காலத்து நீண்ட எஸ் எழுத்து எஃப் மாதிரி இருக்கும். அதில் தடுமாறியே எத்தனையோ பெயர்கள் கெட்டிருக்கின்றன. பதிவேட்டின் படத்தையே திறந்து பாருங்கள். பல நார்ஃபோக் ஊர்களின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தேடல் பெட்டியில் வராவிட்டாலும் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஃப்ரீரெக் தளத்தில் தொண்டர்கள் எழுதியது, அதுவும் இலவசம். காசு கட்டும் தளங்களுக்கு அப்புறம் போகலாம்; ஒரு மாதச் சந்தா போதும், முதலில் பட்டியலைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூலப் பதிவேட்டில் பக்கம் கிழிந்திருந்தால் ஆண்டுதோறும் ஆயருக்கும், அவருக்குக் கீழுள்ள அதிகாரியான ஆர்ச்டீக்கனுக்கும் அனுப்பிய நகல் இருக்கிறதா என்று பாருங்கள். நார்ஃபோக்குக்கு இரண்டும் உண்டு. அசலில் விட்டுப்போனது நகலிலும், நகலில் இல்லாதது அசலிலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நகல் அனுப்பும் பழக்கம் சென்னை வரைக்கும் வந்தது. வில்லியமின் அண்ணன் தம்பி யாராவது ஊரில் ஞானஸ்நானம் மட்டும் இருந்து, அப்புறம் கல்யாணமும் இல்லாமல் அடக்கமும் இல்லாமல் மாயமாகியிருந்தால், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து கப்பல் ஏறினாரா என்று ஒரு கண் பாருங்கள். சென்னை மாகாணத்துத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. நார்ஃபோக்கில் தொலைந்தவரின் அடக்கம் திருச்சியிலோ பல்லாவரத்திலோ எழுதப்பட்டிருக்கலாம்.

நாரிச்சில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போவதாக இருந்தால் பேனா எடுத்துப்போகாதீர்கள், பென்சில் மட்டும்தான். சாரா–வில்லியம் கல்யாணம் கிடைத்ததும், சாட்சிகள் பெயரையும் ஓலை வாசித்த ஊர்களையும் இங்கே எழுதுங்கள். அதற்குள் அந்த 1690 வம்சாவளியை அச்சடித்துச் சட்டம் போட்டுவிடாதீர்கள்.